மூக்கு மரத்த வீடு

எங்கள் தெருவில் வண்டிகளுக்கு மட்டும்தான் வைத்தியம். ஒரு முனையில் அடிபட்டு வரும் வண்டி மறு முனையில் புதுசு போலப் போகும். நடுவில் நாங்கள் இருக்கிறோம். டிங்கர் நெளிசலைத் தட்டி எடுப்பார், பெயிண்டர் வண்ணம் அடிப்பார், நான் சீட்டுக்கு உறை தைப்பேன். எந்தத் தொழிலும் ஆளிடமிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளாமல் விடாது. டிங்கருக்குக் காது போய்விட்டது. காதோரம் நின்று ரகசியம் சொன்னாலும் தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார். எனக்கு முதுகு. பெயிண்டருக்கு மூக்கு. இதையெல்லாம் நாங்கள் நோய் என்று நினைத்ததே இல்லை. வேலை என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

பெயிண்டரின் மூக்கைப் பற்றி எங்களுக்கு ஒரே வேடிக்கை. அடுப்பில் பால் தீய்ந்து தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது, அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். வீடு பட்டறைக்குப் பின்னால்தான். நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு, அந்தக் கதவை மூடி யாரும் பார்த்ததில்லை. அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணிக்குத் வண்ணத்தில் கலக்கிற தின்னர் நாற்றத்தில் தலை சுற்றிக்கொண்டே இருந்ததாம். "ஒரே வாந்தி. எல்லாரும் நல்ல சேதின்னு நெனச்சு எனக்குப் பழம் வாங்கிக் குடுத்தாங்க" என்று சொல்லிச் சிரிப்பார். அப்புறம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்றால் அவருக்கும் மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம்.

அவர்களுக்கு ஒரே பெண். பள்ளிக்கூடம் முடித்த கையோடு பட்டறைக்கு வந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை. அப்பா ஒரு கதவுக்கு வண்ணம் அடித்துவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில் அவருடைய ஸ்ப்ரே கன்னை எடுத்து இன்னொரு கதவுக்கு அடித்து வைத்தாள். திரும்பி வந்தவர் எது தன் கதவு என்று தெரியாமல் முழித்தார் என்பது டிங்கர் சொல்கிற கதை. அதில் பாதி பொய். ஆனால் கொஞ்ச காலத்தில் அவள் அப்பாவைத் தாண்டிப் போய்விட்டாள் என்பதில் பொய் இல்லை. கறுப்பு வண்டி வந்தால் அவள்தான். கறுப்பு எதையும் மூடி மறைக்காது. கை தயங்கினால் அந்த இடத்தில் வண்ணம் ஒழுகும், அவசரப்பட்டால் சொரசொரக்கும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் நடந்துகொண்டே ஒரே இழுப்பாக அடிப்பாள். எங்கள் எல்லோருக்கும் அவள் சின்ன பெயிண்டர். அந்தப் பெயரில் அவளுக்குக் கர்வம் உண்டு. அடுத்த கடைக்காரன் என்ற உரிமையில் எனக்கும் உண்டு.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. நெளிசலில் பூசிய பட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற இடத்தில் இருமாத ஆள் யார் என்று நாங்களும் இருந்துவிட்டோம். சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே மகள் தூங்குவதை அண்ணி பார்த்திருக்கிறார்.

"ஏண்டி, படுத்துத் தூங்க மாட்டியா?"

"போன்ல படம் பாத்துட்டு இருந்தேம்மா. அப்படியே தூங்கிட்டேன்."

பட்டறைக்கு விடுமுறை விட்ட நாட்களில் இருமல் குறைந்துவிடும். அதையும் பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஒரு மத்தியானம் அவள் கிளியர் கோட்டுக்கு ஹார்ட்னர் கலந்துகொண்டிருந்தாள். கிளியர் கோட் என்பது கடைசியாக அடிக்கிற கண்ணாடி போன்ற பூச்சு. ஹார்ட்னரைக் கலந்தால்தான் அது இறுகும். நான் மிஷினில் இருந்தேன். எங்கேயோ காற்று கசிகிற சத்தம் கேட்டது. கம்ப்ரசர் குழாயில்தான் ஓட்டை விழுந்திருக்கிறது என்று நினைத்து எழுந்து போய்ப் பார்த்தேன். குழாய் நன்றாகத்தான் இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. சத்தம் அவள் நெஞ்சிலிருந்து வந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், பேச்சு வரவில்லை. பெயிண்டரும் நானும் அவளைத் தூக்கி என் பழைய வேனில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மருந்து உள்ளே போய் மூச்சு திரும்பிய பிறகு டாக்டரம்மா ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். ஊதிக் காட்டியதைப் பார்த்துவிட்டு, ஆஸ்துமா என்றார்.

"ஆஸ்துமாவா?" என்றார் பெயிண்டர். "அது வயசானவங்களுக்கு வர்றதுங்களே. இல்லேன்னா பொறந்ததிலேர்ந்து இருக்கும். இவளுக்கு இப்பத்தான் இருவத்திரெண்டு ஆகுது."

"எந்த வயசிலயும் வரலாம். நீ என்ன வேலைம்மா பாக்கற?"

"ஸ்ப்ரே பெயிண்டிங். வண்டிக்கு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "ஹார்ட்னர் கலந்து அடிக்கறதா?"

"ஆமா."

"அப்ப அதுதான். உடம்பு ஒரு தடவ அதை எதிரின்னு முடிவு பண்ணிடுச்சுன்னா, அப்புறம் துளி பட்டாலும் சண்டைக்கு நிக்கும். நீ அந்த வேலையை விட்டுடணும்."

"எவ்வளவு நாளைக்கு டாக்டர்?"

"நாள் கணக்கு இல்லம்மா. இனிமே அந்தப் பக்கமே போகக் கூடாது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நகக் கண்ணில் இருந்த வெள்ளை வண்ணத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டரம்மா இரண்டு இன்ஹேலரை மேஜையில் வைத்தார். "பழுப்பு, தினமும் காலையிலயும் சாயங்காலமும். மூச்சு நல்லா இருந்தாலும் விடக் கூடாது. நீலம், மூச்சு முட்டும்போது மட்டும். எப்படி எடுத்துக்கணும்னு வெளிய நர்ஸ் காட்டுவாங்க, கொஞ்சம் உக்காருங்க."

அதுவரைக்கும் தொங்கிப் போயிருந்த பெயிண்டரின் முகம் அவற்றைப் பார்த்ததும் தெளிந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டப்பாவைக் கழற்றினார், மாட்டினார், குலுக்கினார்.

"நர்ஸ் எதுக்குங்க? இது நம்ம சாமான். ஸ்ப்ரேவும் நாசிலும் என் கையில பொறந்து வளந்தது. நான் பாத்துக்கறேன்."

டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். வெளியே வரிசை வாசலைத் தாண்டி நின்றுகொண்டிருந்தது. சொன்னதைத் திருப்பித் திருப்பிக் கேட்கிற ஆட்களுக்கு நடுவில் சட்டென்று புரிந்துகொள்கிற ஒருவர் வந்தால் யாருக்குத்தான் நிம்மதியாக இருக்காது. அவர் எங்களை அனுப்பிவிட்டார். நர்ஸைத் தாண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் பெயிண்டர் மகளை நாற்காலியில் உட்கார வைத்து வகுப்பு எடுத்தார்.

"நல்லா குலுக்கு. அடியில தங்கியிருக்கும். ஆங். இப்ப வெளிய ரெண்டு தடவ அடிச்சு விட்டுடு. மொதல்ல வர்றது எப்பவும் சுத்தமா இருக்காது. இப்ப வாயைத் தொற. ஒட்டிப் புடிக்காத, ஒரு சாண் தள்ளிப் புடி. ஒட்டி அடிச்சா ஒரே எடத்துல ஒழுகிடும்."

"பரவலா போகணும்" என்றாள் அவள்.

"அதான்."

அவளும் பெயிண்டர்தானே. அப்பா சொன்னது ஒவ்வொன்றும் அவள் கைக்குத் தெரிந்த நியாயம். அவள் வாயைத் திறந்துகொண்டு ஒரு சாண் தள்ளி அடித்தாள். மருந்து பாதி கன்னத்திலும் பாதி காற்றிலும் போனது. குலுக்கச் சொன்னதைத் தவிர அந்த மனிதர் சொன்ன எல்லாமே தப்பு. அப்போது அது எங்களுக்குத் தெரியாது. என்ன நுணுக்கமாகச் சொல்லிக் கொடுக்கிறார் என்று அண்ணியும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் கன்களைக் கழுவாமல் பெயிண்டர் சோற்றில் கை வைக்க மாட்டார். ஒவ்வொரு கன்னையும் பிரித்து, தின்னரில் ஊறவைத்து, நாசில் துவாரத்தில் சின்ன பிரஷ்ஷை விட்டுத் திருகி, காற்றடித்து, துணியால் துடைத்து அலமாரியில் வரிசையாகப் படுக்க வைப்பார். அன்றைக்கு அந்த வரிசையின் கடைசியில் இரண்டு இன்ஹேலரும் சேர்ந்துகொண்டன. இரும்பு டப்பாவைக் கழற்றி எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் வாயைத் தின்னர் தொட்ட பிரஷ்ஷால் சுத்தமாகக் கழுவினார். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பக்குவம் அதில் இருந்தது. மகளுக்குத் தன்னால் ஆகிற வைத்தியம் இது என்று அவர் நினைத்தார். ஒரு சாயங்காலம்கூடத் தவறவிடவில்லை.

அந்த வீட்டில் யாருக்கும் அது நாறவில்லை. அவளுக்கே நாறவில்லை.

"ஒரு மாதிரி எரியுதுப்பா."

"மருந்துன்னா எரியாம என்ன செய்யும்? வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

வேலையை விட வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவர்கள் தங்களுக்குத் தோதாக வளைத்துக்கொண்டார்கள். அடிக்க வேண்டாம், மற்றதைப் பார்க்கலாம் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். கொஞ்ச நாள் வெளியே உட்கார்ந்து கண்ணாடிகளுக்குப் பேப்பர் ஒட்டினாள். அங்கேயும் மூச்சு இழுத்தது. பிறகு என் கடைக்கு வந்தாள். நான் தையல் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்கு மிஷின் என்றால் ஏழாம் பொருத்தம்.

"சித்தப்பா, இந்த நூல் என் மூஞ்சியப் பாத்தாலே அறுந்துக்குது."

"மூஞ்சிய நீ மிஷின்கிட்ட காட்டினாத்தானே. நாள் பூரா பட்டறை வாசலையே பாத்துட்டு இருந்தா?"

முதன்முதலில் அவள் தனியாகத் தைத்த உறையில் முதுகுப் பக்கத்தை அடியிலும், அடிப் பக்கத்தை முதுகிலும் வைத்துத் தைத்திருந்தாள். டிங்கர் அதைத் தூக்கிப் பிடித்துத் தெருவுக்கே காட்டினார். "சின்ன பெயிண்டரே, இந்த வண்டியில தலைகீழா உக்காந்துதான் போகணுமா?" என்று கத்தினார். அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நீலத்தை எடுத்து, வெளியே இரண்டு தடவை அடித்துவிட்டு, ஒரு சாண் தள்ளிப் பிடித்து வாயில் அடித்துக்கொண்டாள். இருமல் லேசில் நிற்கவில்லை. டிங்கர் முகம் மாறி, உறையை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

பட்டறையில் பெயிண்டர் தனியாக அடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் முன்பு போல இல்லை. ஈரம் எங்கே முடிகிறது என்று பிடிபடாமல் ஒரே இடத்தில் இரண்டு முறை அடித்துவிடுவார். கதவுகளில் வண்ணம் கண்ணீர் மாதிரி வழிந்து நிற்கும். தேய்ப்பார், மறுபடி அடிப்பார். என் கடையிலிருந்து அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கையைத் திருப்பறாரு சித்தப்பா. ஓரத்துக்கு வந்ததும் கையைத் திருப்பறாரு. திருப்பக் கூடாது. ஆள்தான் நகரணும்."

"போய்ச் சொல்லேன்."

"சொன்னா கோவம் வராது அவருக்கு. தலையை ஆட்டிட்டு மறுபடி திருப்புவாரு." கொஞ்ச நேரம் நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இது ஒண்ணுதான் நல்லா வருது சித்தப்பா. வேற எதுலயும் எனக்கு ஒழுங்கா வராது. படிப்பும் வரல. சமையல் அம்மாவே செய்ய விட மாட்டாங்க. இதுல மட்டும், கன்னை எடுத்தா, நான் என்ன நெனைக்கறனோ அது அப்படியே வரும்."

தையல் போகப் போக வந்துவிடும் என்றேன். அவளும் நம்பின மாதிரி தலையாட்டினாள்.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ஒரு கறுப்பு வண்டி வந்தது. ஈரக் காற்றில் கிளியர் கோட் அடிப்பது சள்ளை. பெயிண்டர் பானெட்டுக்கு அடித்தார், ஒழுகியது. காயவைத்துத் தேய்த்து மறுபடி அடித்தார். இந்த முறை நடுவில் ஒழுகியது. மறுநாள் காலையில் வண்டிக்காரர் வருகிறார். மழைச் சாரல் உள்ளே வரக் கூடாது என்று ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். சாயங்காலம் நான் எட்டிப் பார்த்தபோது அவர் மறுபடியும் தேய்த்து முடித்துவிட்டு, கன்னைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்காமல் நின்றிருந்தார்.

அவள் என் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"குடுங்கப்பா."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ஒரே ஒரு கோட்டு. எப்பவும் மூச்சைப் புடிச்சுக்கிட்டுத்தானே அடிக்கறேன். உள்ள போகவே போகாது."

"வேண்டாம்மா" என்றேன் நான்.

"சித்தப்பா, நீங்க போய்த் தைங்க."

பெயிண்டர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கன் அவர் கையிலிருந்து அவள் கைக்குப் போனது. அண்ணி கதவருகில் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தடுப்பார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து எடுத்து வந்தார். மகள் மூக்கையும் வாயையும் சுற்றித் தலைக்குப் பின்னால் இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டார்.

அவள் அடித்தாள். நான் எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனால் அன்றைக்கு மாதிரி பார்த்ததில்லை. ஓர் இழுப்பு, இன்னோர் இழுப்பு. கூரை விளக்கு அந்தக் கறுப்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அலுங்காமல் நின்றது. டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தார். பெயிண்டர் மட்டும் அதைப் பார்க்கவில்லை. அலமாரிப் பக்கம் திரும்பி நின்று நீல இன்ஹேலரை அவசர அவசரமாகக் கழுவிக்கொண்டிருந்தார். அவளுக்குத் தேவைப்படும், தயாராக இருக்கட்டும் என்று.

அவள் கன்னை வைத்துவிட்டு வெளியே வந்து துணியை அவிழ்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்துக்கோங்கப்பா. எங்கயாவது ஒழுகியிருக்கா?"

அடுத்த வார்த்தைக்கு மூச்சு இல்லை. என் கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெயிண்டர் ஓடி வந்து நீலத்தைக் கையில் கொடுத்தார். அது இன்னும் ஈரமாக இருந்தது. காற்றடிக்க அவருக்கு நேரம் இருந்திருக்கவில்லை. அவளுக்கோ வெளியே இரண்டு தடவை அடிக்கவும், ஒரு சாண் தள்ளிப் பிடிக்கவும் பொறுமை இல்லை. வாய்க்குள் திணித்து உதட்டை மூடிக்கொண்டு அழுத்தி இழுத்தாள். அந்தத் தெருவில் இருந்த வரைக்கும் அவள் அதைச் சரியாக எடுத்துக்கொண்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

அப்புறம் நடந்ததை நான் விவரித்துச் சொல்ல மாட்டேன். ஒரு மனுஷப் பிறவிக்கு அந்த நிறம் வரும் என்று நான் கண்டதில்லை. அண்ணி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "மூச்சு விடுடி, விடுடி" என்று மட்டும் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். மழையில் வேனை நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

பிழைத்துவிட்டாள். தொண்டைக்குள் குழாய் விட்டு மிஷினில் மூச்சு கொடுத்துத்தான் பிழைக்க வைத்தார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒரு நர்ஸ் அவளுடைய இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

"இது எதுல விழுந்துச்சு?"

"எதுலயும் விழலையே" என்றார் பெயிண்டர்.

"இப்படி நாறுது. பெயிண்ட் கடை மாதிரி."

பெயிண்டர் வாங்கி மோந்து பார்த்தார். அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி மோந்து பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சுவர் தள்ளி இத்தனை காலம் உட்கார்ந்து தைக்கிறவன் மூக்கு மட்டும் உயிரோடா இருக்கும். மூன்று பேரும் நர்ஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் டாக்டரம்மா வந்தார்.

"தின்னர்ல கழுவுவேங்க" என்றார் பெயிண்டர். "தினமும் நாந்தான் கழுவுவேன். கழுவாம வெச்சா நாசில் அடைச்சுக்கும்ல?"

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எப்படிப் பிடித்து அடிப்பாள் என்று மட்டும் கேட்டார். பெயிண்டர் வாயைத் திறந்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்துக் காட்டினார். டாக்டரம்மா மெதுவாக அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மருந்து இத்தனை நாளும் உள்ளே போகவே இல்லை என்றும், போனதெல்லாம் தின்னர்தான் என்றும் பிறகு விளக்கிச் சொன்னார். பெயிண்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் மேல் கோபமாகத்தான் வந்தது. ஆனால் அந்த ஆளைக் கோபித்துக்கொள்ள வேறு ஆள் வேண்டியிருக்கவில்லை.

குழாயை எடுத்த பிறகு அவளுக்குக் குரல் கரகரத்தது. நாங்கள் மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். அவள் இனி அந்த வீட்டுக்கே போகக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டிருந்தார். சுவர், துணிமணி, மெத்தை எல்லாவற்றிலும் அது ஊறிக் கிடக்கிறது என்றார்.

"அழாதீங்கப்பா. உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

"கேட்டிருக்கணும்மா. அந்த நர்ஸ் காட்டறேன்னுதான் சொன்னாங்க."

அவள் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "அப்பா, நீங்களும் விட்டுடறீங்களா? பட்டறையை எடுத்துட்டா நான் வீட்டுக்கு வந்துடலாம்."

பெயிண்டர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி தரையைப் பார்த்தார்.

"விட்டுட்டு என்னம்மா செய்வேன்? எனக்கும் வேற எதுவும் தெரியாதே. உனக்கு மருந்து வர்றதே அந்தப் பெயிண்ட்லதான்."

"சரிப்பா" என்றாள். அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நகரத்தின் மறு கோடியில் அண்ணியின் அக்கா வீடு. மாடியில் இரண்டு அறை, நாலா பக்கமும் ஜன்னல். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே கொண்டுபோய் விட்டோம். பழைய துணி ஒன்றும் வேண்டாம் என்று அவளுக்கும் அண்ணிக்கும் புதுசாக வாங்கினோம். அண்ணியும் மகளோடேயே தங்கிவிட்டார். பெயிண்டர் இந்தப் பக்கம் தனியாக ஆனார். முட்டையை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிடுவார், கருகுகிற வாசனை அவருக்குத் தெரியாது, டிங்கர்தான் ஓடிப்போய் அணைப்பார். அந்தக் கறுப்பு வண்டிக்காரர் அவள் அடித்த மறுநாள் காலையிலேயே வந்து, பானெட்டைத் தடவிப் பார்த்து, யார் அடித்தது என்று டிங்கரிடம் கேட்டுப் பாராட்டிவிட்டுப் போயிருந்தார். அதைப் பெயிண்டரிடம் சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை.

அவள் மூச்சு அங்கே நன்றாகிக்கொண்டு வந்தது. நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி மருந்து எடுத்துக்கொண்டாள். படியேறினால்கூட இழுப்பதில்லை என்று அண்ணி போனில் சொன்னார். "அப்பாவை வரச் சொல்லும்மாங்கறா. தெனமும் கேக்கறா."

பெயிண்டர் போவதற்குத் தயாரானதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. பட்டறையை மூடிப்போட்டுவிட்டு மூன்று நாள் வண்ணம் தொடவில்லை. முடியில் ஊறியிருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், மொட்டை போட்டுக்கொண்டார், மீசையையும் எடுத்துவிட்டார். "கலியாண மாப்பிள்ளை" என்று டிங்கர் கத்தினார். தேய்த்துத் தேய்த்துக் குளித்ததில் கைத்தோல் சிவந்திருந்தது. புதுச் சட்டையைப் பையிலிருந்து பிரிக்காமல் எடுத்துக்கொண்டு, அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொதுக் கழிப்பறையில் போய் மாற்றிக்கொண்டு வந்தார். ஏற்கெனவே போட்டிருந்த சட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டார். நானும் குளித்துவிட்டு வந்து அங்கேயே புதுசுக்கு மாறிக்கொண்டேன்.

"தம்பி, என் மேல ஏதாவது அடிக்குதா?"

"என்கிட்ட கேட்டா எப்படிண்ணே?"

"அதுவும் சரிதான்" என்று சிரித்தார்.

மாடிக்குப் போனோம். அவள் அப்பாவின் மொட்டையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இருமல் வரவில்லை. எனக்குக் கண் கலங்கியது. சோறு பரிமாறினார்கள். பெயிண்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டிகளைப் பற்றி மூச்சு விடாமல் பேசினார். ஓரத்தில் கையைத் திருப்பாமல் அடிக்கப் பழகிவிட்டதாகச் சொன்னார். "ஆள்தான் நகரணும்னு நீ சொன்னியாமே" என்றார். அவள் முகம் பூரித்தது. பார்க்க நிறைவாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து உள்ளறைக்குப் போனாள். செம்பில் தண்ணீர் எங்கள் நடுவிலேயே இருந்தது. திரும்பி வர நேரமாயிற்று. அண்ணி சாப்பாட்டை விட்டு எழுந்து போனார். இருவரும் சேர்ந்து வந்தார்கள். அவள் கண் சிவந்து ஈரமாக இருந்தது. கழுத்துக் குழி மூச்சுக்கு மூச்சு துடித்தது. கையில் தண்ணீர் இல்லை.

"நேரமாச்சுண்ணே. கிளம்பலாம்" என்றேன்.

"இப்பத்தானே வந்தீங்க" என்றாள் அவள். அவசரமாக அப்பாவின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். "இன்னும் கொஞ்ச நேரம் இருங்கப்பா."

பெயிண்டர் இருந்தார். வைத்த சோற்றைக் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டார். பிறகு கை கழுவிவிட்டு, அவள் பக்கம் போகாமல், வாசலிலிருந்தே தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார்.

வேன் பாதி தூரம் வந்ததும் பெயிண்டர் பேச்செடுத்தார்.

"உள்ள போய் ரெண்டு தடவ அடிச்சா" என்றார். "குலுக்கிட்டுத்தான் அடிச்சா. நடுவுல நல்லா இடைவெளி விட்டா."

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"ஸ்ப்ரே சத்தம் எனக்குக் கேக்காதா தம்பி?"

"அப்புறமும் ஏண்ணே உக்காந்திருந்தீங்க?"

"இருங்கன்னு சொன்னாளே." அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "இனிமே நான் வரல. நீங்க போன் பண்ணிச் சொல்லிடுங்க. கைநெறைய வேலையாம், வர முடியலயாம்னு சொல்லுங்க."

"அவ நம்ப மாட்டாண்ணே."

"நம்ப மாட்டா" என்றார். "ஆனா ஏன்னு கேக்க மாட்டா."